நரம்பு செல்லை நுண்ணோக்கியில் இனங்காணும் முறை: ஆட்டுத் தண்டுவடம் முதல் எலக்ட்ரான் படம் வரை

பாடநூல்களில் அச்சாகும் நரம்பு செல்லின் படம் எந்த நுண்ணோக்கியிலும் அப்படியே தெரிவதில்லை. செல் உடலம், உட்கரு, நிசில் துகள்கள், செய்தியைப் பெறும் கிளைகளான டெண்டிரைட்டுகள், மயலின் என்னும் கொழுப்புறை போர்த்திய, செய்தியைக் கடத்திச் செல்லும் நீண்ட இழையான ஆக்ஸான், அதன் முனையிலுள்ள குமிழ்கள் ஆகிய அனைத்தையும் ஒரே செல்லில் ஒரே நேரத்தில் காட்டும் சாதாரணச் சாயம் எதுவும் இல்லை. பலவகைச் சாயங்களும் கருவிகளும் தனித்தனியே காட்டியவற்றை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து ஒட்டி வரைந்ததே அந்தப் படம். ஆகவே நரம்பு செல்லின் ஸ்லைடு ஒன்று கைக்கு வந்தால், அது எந்தச் சாயம் ஏற்றப்பட்டது, அந்தச் சாயம் செல்லின் எந்தப் பொருளைப் பற்றிக்கொள்ளும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், பாகங்களின் பெயர்கள் பின்னால் தாமாக வந்து சேரும்.

பொருளும் சாயமும்

கல்லூரி ஆய்வகத்திலோ மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்திலோ எளிதாகச் செய்யத்தக்கது, ஆட்டுத் தண்டுவடப் பூச்சு, அதாவது திசுத் துணுக்கை ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பியது. மூளையை விடத் தண்டுவடம் சிறந்தது. ஏனெனில் தசைகளை இயக்கும் நரம்பு செல்களில் பெரும்பாலானவை அங்கேதான் உள்ளன. அவற்றின் உடலங்கள் பாலூட்டிகளின் நரம்பு செல்களிலேயே மிகப் பெரியவற்றைச் சேர்ந்தவை. சில 100 மைக்ரோமீட்டரை எட்டும். சிறுமூளையில் நெருங்கிக் கிடக்கும் சிறுமணிச் செல்களோ பத்து மைக்ரோமீட்டரைக்கூடத் தொடாதவை. தொடக்கநிலை மாணவருக்கு அவை வெறும் புள்ளிகளாகவே தெரியும்.

இறைச்சிக் கடையில் அன்று காலை அறுத்த ஆட்டின் கழுத்து அடிப்பகுதி முதுகெலும்பையோ இடுப்புப் பகுதி முதுகெலும்பையோ கேட்டு வாங்க வேண்டும். முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் நரம்புகள் புறப்படும் இவ்விரண்டு இடங்களிலும் தண்டுவடம் சற்றுப் பருத்திருக்கும். பெரிய செல்களும் அங்கே மிகுதி. நரம்புத் திசு மிக விரைவில் சிதையத் தொடங்குவதால் மாலை வரை காத்திருப்பது பயன் தராது. கையுறை அணிந்துகொண்டு, எலும்பின் குழாய்க்குள் இருக்கும் வெண்ணிறத் தண்டை வெளியே எடுத்துக் குறுக்காக வெட்டினால், வெண்மைப் பகுதியின் நடுவே வண்ணத்துப்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். அதன் இரு கொம்புகளில் அகன்று பருத்திருப்பது வயிற்றுப்புறக் கொம்பு. ஒடுங்கி விளிம்பை நோக்கி நீள்வது முதுகுப்புறக் கொம்பு. தண்டுவடத்தின் வயிற்றுப்புறத்தில் ஆழமான பிளவு ஒன்று ஓடுவதையும் அடையாளமாகக் கொள்ளலாம். வயிற்றுப்புறக் கொம்பிலிருந்து அரிசிமணி அளவுக்குக் கிள்ளி எடுப்பதே போதுமானது. அதற்கு மேல் எடுத்தால் பூச்சு தடித்து, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

அந்தத் துணுக்கை ஒரு ஸ்லைடின் நடுவில் வைத்து, இன்னொரு ஸ்லைடால் மெல்ல அழுத்தி, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுத்துப் பிரிக்க வேண்டும். பூச்சு முழுவதும் உலரும் முன்பே எத்தில் ஆல்கஹாலில் சில நிமிடங்கள் அமிழ்த்தி நிலைநிறுத்தி, பிறகு ஒரு சதவீத மெத்திலீன் நீலக் கரைசலில் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வைத்து நீரில் அலச வேண்டும். டொலுயிடின் நீலம் கிடைத்தால் அது இன்னும் தெளிவாகக் காட்டும். வண்ணமீன் கடைகளில் மீன்களுக்கான மருந்தாக விற்கப்படுவதும் மெத்திலீன் நீலம்தான் என்றாலும், அதன் செறிவு கடைக்குக் கடை மாறுவதால் ஆய்வகத் தூளைக் கரைத்துக்கொள்வதே நல்லது. நீலம் மிகுந்துவிட்டால் ஆல்கஹாலில் ஒரு முறை முக்கி எடுத்தால் பின்னணி வெளிறும். செல்கள் நிறத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, கவர்ஸ்லிப்பால் மூடினால் ஸ்லைடு தயாராகிவிடும்.

பூச்சில் எதைத் தேடுவது

குறைந்த உருப்பெருக்கத்தில், அதாவது 10 மடங்கு பொருளருகு வில்லையில், தொடங்க வேண்டும். எண்ணற்ற சிறு கருநீலப் புள்ளிகள் முதலில் கண்ணில் படும். அவை நரம்பு செல்கள் அல்ல. நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களின் உட்கருக்கள். அவற்றினிடையே, பல முனைகளும் நீளும் மூலைகளும் உடைய பெரிய நீல உருவங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். அப்படி ஒன்றை நடுவில் கொண்டுவந்து, 40 மடங்கு வில்லைக்கு மாற்றவும்.

முதலில் உட்கருவைப் பார்க்க வேண்டும். மற்ற செல்களில் உட்கருவே அடர்ந்த நிறமேற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது: நரம்பு செல்லின் உட்கரு பெரியதாகவும் வெளிறியும் இருக்கும், அதன் நடுவே ஒரே ஒரு உட்கருமணி அடர்நீலமாகத் துலங்கும். உட்கரு வெளிறியிருப்பதற்குக் காரணம், அதிலுள்ள டிஎன்ஏ இறுகிச் சுருளாமல் தளர்ந்து விரிந்திருப்பதே. ஏராளமான மரபணுக்கள் அங்கே இடைவிடாமல் படியெடுக்கப்படுகின்றன. உட்கருமணி பெரிதாக இருப்பது, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் மிகுதியாக உற்பத்தியாவதன் அடையாளம். கனடாவைச் சேர்ந்த மரே பார், எவர்ட் பெர்ட்ராம் ஆகிய இருவரும் 1949இல் பூனைகளின் நரம்பு செல்களை ஆராய்ந்தபோது, பெண் பூனைகளில் மட்டும் உட்கருமணிக்கு அருகே ஒரு சிறு அடர்பொருள் இருப்பதைக் கண்டனர். பிற்காலத்தில் பார் உறுப்பு என்று பெயர்பெற்ற அது, செயலற்று இறுகிய எக்ஸ் குரோமோசோம். உட்கரு இவ்வளவு வெளிறியிருந்ததால்தான் அது கண்ணில் பட்டது.

உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் நீலத் திட்டுகள் சிதறிக் கிடக்கும். இவையே நிசில் துகள்கள். ஜெர்மனியைச் சேர்ந்த பிரான்ஸ் நிசில், 1884இல் ம்யூனிக்கில் மருத்துவ மாணவராக இருந்தபோதே இவற்றைத் தெளிவாகக் காட்டும் சாயமுறையை வகுத்தார். ஆனால் அத்திட்டுகள் உண்மையில் என்ன என்பது, 1955இல் சான்ஃபோர்ட் பாலேயும் ஜார்ஜ் பலாடேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வெளியிட்ட பிறகே உறுதியாயிற்று: அடுக்கடுக்காகக் கிடக்கும் சொரசொரப்பான எண்டோபிளாச வலையும், அதன் மீதும் இடையிலும் பதிந்த ரைபோசோம்களும்தான் ஒளி நுண்ணோக்கியில் திட்டுகளாகத் தெரிகின்றன. மெத்திலீன் நீலம் போன்ற காரச் சாயங்கள் அமிலத் தன்மையுள்ள ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்வதால்தான் உட்கருமணியும் நிசில் துகள்களும் ஒரே நீலத்தில் ஒளிர்கின்றன. தசையை இயக்கும் செல்லில் இத்திட்டுகள் பெரியவை. உணர்வு நரம்பு செல்களில் அவை பொடிப்பொடியாக இருக்கும். ஆக்ஸான் அறுபட்டால் சில நாட்களில் இத்திட்டுகள் கரைந்து மங்கி, உட்கருவும் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். எந்தத் தசைக்கு எந்தச் செல்கள் நரம்பு அனுப்புகின்றன என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் கண்டறிந்ததும் இந்த மாற்றத்தை வைத்தே.

இப்போது செல்லிலிருந்து புறப்படும் கிளைகளில் எது ஆக்ஸான் என்று சொல்ல வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் மிக நீளமாகத் தெரிவதைக் காட்டுவார்கள். அது தவறான அளவுகோல், ஏனெனில் பூச்சில் இழுத்துப் பிரிக்கும்போது எல்லாக் கிளைகளும் எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிடுகின்றன. நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். டெண்டிரைட்டுகளின் அடிப்பகுதிக்குள் நிசில் துகள்கள் புகுந்து செல்லும். ஆக்ஸான் கிளம்பும் ஆக்ஸான் மேட்டிலோ அவை இருக்காது. அங்கே சைட்டோபிளாசம் திடீரென வெளிறி, ஒரு கூம்பாக ஒடுங்கும். ஒவ்வொரு செல்லிலும் அது தெரியாது. செல் நமக்குச் சாதகமாகத் திரும்பிக் கிடந்தால்தான் தெரியும். ஆகவே, நல்ல ஆக்ஸான் மேடு ஒன்று அகப்படும்வரை பல செல்களைப் பார்க்கும் பொறுமை வேண்டும். அந்த மேட்டுக்கு அடுத்துள்ள தொடக்கப் பகுதியில், சில பத்து மைக்ரோமீட்டர் நீளத்துக்கு, சோடியம் அயனிகளை உள்ளே விடும் புரத வழிகளான சோடியம் கால்வாய்கள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. நரம்புத் துடிப்பு பொதுவாகத் தொடங்குவது அங்கேதான். நீலச் சாயம் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

இந்தச் சாயம் காட்டாதவை

கோல்கை உறுப்பு, மைட்டோகாண்ட்ரியா, நுண்குழல்கள், டெண்டிரைட்டின் நுனிக் கிளைகள், ஆக்ஸானின் போக்கு, ஒரு நரம்பு செல் இன்னொன்றைச் சந்திக்கும் இடமான சினாப்ஸ் ஆகியவற்றில் எதையும் மேற்சொன்ன ஸ்லைடில் தேட வேண்டாம். செல்லின் முழு உருவத்தைப் பார்க்க வெள்ளிச் சாயம் ஏற்றிய நிரந்தர ஸ்லைடு தேவை. இத்தாலியின் கமிலோ கோல்கை 1873இல் வெளியிட்ட முறை அது: பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய திசுவைச் சில்வர் நைட்ரேட்டில் இட்டால், மிகச் சில செல்கள் மட்டும் நுனி முதல் அடி வரை கறுத்துவிடும். எல்லாச் செல்களும் கறுத்திருந்தால் படம் முழுவதும் ஒரே கறுப்பாகிப் பயனற்றுப் போயிருக்கும். மிகச் சிலவே கறுப்பதுதான் இம்முறையின் பெருமை. ஸ்பெயினின் சான்டியாகோ ரமோன் இ கஹால் 1888 முதல் இதே முறையைச் செம்மைப்படுத்திப் பயன்படுத்தி, நரம்பு செல்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்த வலை அல்ல, தனித்தனிச் செல்களே என்று வாதிட்டார். டெண்டிரைட்டின் மேல் முட்களைப் போல நிற்கும் நுண்முகைகளையும் அவரே விவரித்தார். இருவருக்கும் 1906இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோதும், கோல்கை தம் ஏற்புரையில் கஹாலின் கொள்கையை எதிர்த்தே பேசினார். தாம் கண்டறிந்த சாயத்தாலேயே தம் கொள்கை வீழ்ந்ததை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

வெள்ளி ஸ்லைடில் உட்கருவைத் தேடுவது வீண். உள்ளே எல்லாம் கறுப்பு. இங்கே பார்க்க வேண்டியவை வெளிவடிவங்கள்: டெண்டிரைட்டு கிளைக்குக் கிளை மெலிந்து செல்வது, ஆக்ஸான் தன் தடிமனைப் பெரும்பாலும் மாறாமல் வைத்திருப்பது, சிறுமூளையின் பெரிய நரம்பு செல்லான பர்க்கின்ஜி செல்லின் டெண்டிரைட்டுகள் ஒரே தளத்தில் விசிறியாக விரிவது. ஸ்லைடை எந்தத் திசையில் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்து அதே பர்க்கின்ஜி செல் விசிறியாகவும் தெரியும், ஒல்லியான கோடாகவும் தெரியும்.

கோல்கையின் பெயரைத் தாங்கிய நுண்ணுறுப்பும் நரம்பு செல்லில்தான் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. கூகையின் பர்க்கின்ஜி செல்களில் உட்கருவைச் சூழ்ந்து கிடந்த வலையை அவர் 1898இல் அறிவித்தார். அது சாயத்தின் பிழை என்று பலர் ஐயுற்றனர், எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே ஐயம் முழுவதும் தீர்ந்தது. செல்லின் கழிவுகளைச் செரிக்கும் நுண்ணுறுப்புகளான லைசோசோம்கள் செரிக்க இயலாமல் விட்ட எச்சங்கள், வயதான விலங்குகளின் செல் உடலத்தில் மஞ்சள்பழுப்புத் துகள்களாகச் சேரும். இளம் ஆட்டில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். சென்ட்ரியோல் நரம்பு செல்லில் இல்லவே இல்லை என்று சில நூல்கள் எழுதுவதும் சரியன்று. எலக்ட்ரான் படங்களில் அது பலமுறை காணப்பட்டுள்ளது. முதிர்ந்த செல்லில் அது நுண்குழல்களை ஒழுங்குபடுத்தும் வேலையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது என்பதே உண்மை.

ஆக்ஸானும் அதன் உறையும்

மயலின் உறை பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. ஹிமடாக்சிலின், இயோசின் என்னும் இரு சாயங்கள் ஏற்றிய வழக்கமான ஸ்லைடுகளைத் தயாரிக்கும்போது கரைப்பான்கள் கொழுப்பைக் கழுவி எடுத்துவிடுவதால், நரம்பின் குறுக்குவெட்டில் மயலின் இருந்த இடம் வெற்று வளையமாகவும், அதன் நடுவே ஆக்ஸான் ஓர் இளஞ்சிவப்புப் புள்ளியாகவும் தெரியும். அந்த வெற்றிடத்துக்கு ‘மயலின் உறை’ என்று பெயர் குறிப்பது தவறில்லை. ஆனால் பார்ப்பது மயலின் இல்லாத இடத்தை என்பது நினைவில் இருக்க வேண்டும். ஆஸ்மியம் டெட்ராக்சைடு கொழுப்பைக் கறுப்பாக்கி அப்படியே நிறுத்தும். அதன் ஆவி கண்ணுக்குப் பெருங்கேடு என்பதால் மாணவர்கள் அதைக் கையாளக் கூடாது, ஆயத்த ஸ்லைடுகளையே பயன்படுத்த வேண்டும். நீளவாக்கில் பிரித்த இழையில் கறுப்புப் பட்டை ஓரிடத்தில் அற்றுப்போய் மீண்டும் தொடங்கும். அந்த ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான இடைவெளிதான் ரேன்வியர் கணு. அடுத்த கணு ஒரு மில்லிமீட்டர் வரையிலும், தடித்த இழைகளில் அதற்கு அப்பாலும் இருக்கும். ஆகவே உயர் உருப்பெருக்கத்தில் ஒரே பார்வைப் புலத்தில் இரு கணுக்கள் தெரிவது அரிது.

படம் வரைவோர் மிகுதியாகத் தவறும் இடம் ஒன்றும் இங்கே உண்டு. தண்டுவடத்துக்கும் மூளைக்கும் உள்ளே மயலினை உருவாக்குவது ஆலிகோடெண்ட்ரோசைட்டு என்னும் கிளியா செல். அது பல ஆக்ஸான்களுக்கு ஒரே நேரத்தில் உறை போர்த்தும். வெளியே செல்லும் நரம்புகளில் ஷ்வான் செல் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு ஷ்வான் செல், ஓர் ஆக்ஸானில் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட ஒரே துண்டுக்குத்தான் மயலின் போர்த்தும். நாம் பூச்சில் பார்த்த, தசையை இயக்கும் நரம்பு செல்லின் ஆக்ஸான் தண்டுவடத்தை விட்டு வெளியேறும் எல்லையில் இவ்விரண்டும் கைமாறுகின்றன.

ஆக்ஸானுக்குள் ரைபோசோம்கள் மிகக் குறைவு. அதற்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி செல் உடலத்திலிருந்தே வர வேண்டும். மனிதரின் இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து பாதத்துக்குச் செல்லும் ஆக்ஸான் சுமார் ஒரு மீட்டர் நீளமுடையது. 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்களே பாதை. செல் உடலத்திலிருந்து முனை நோக்கிச் சுமை தூக்கும் கைனசின் என்னும் புரதத்தை 1985இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாய் மீனின் பேராக்ஸானைக் கொண்டு கண்டறிந்தனர். முனையிலிருந்து உடலம் நோக்கித் திரும்பும் சுமைகளை டைனீன் என்னும் இன்னொரு புரதம் இழுக்கிறது. சுமைகளில் சவ்வு சூழ்ந்த நுண்குமிழ்கள் நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை விரையும். செல் சட்டகப் புரதங்களோ நாளுக்குச் சில மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக ஊர்ந்து, பாதத்தை அடைய ஓராண்டுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். வெறிநாய் கடித்த இடத்திலிருந்து மூளை நோக்கிச் செல்லும் வைரஸ் இந்தத் திரும்பு பாதையையே பயன்படுத்துகிறது. கடிவாயை உடனே சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்கு விரையச் சொல்வது, வைரஸ் நரம்பு முனைக்குள் நுழையும் முன் அதன் அளவைக் குறைப்பதற்காகவே.

நுண்குழல்களைக் குலைக்கும் பொருள்கள் இரண்டு நம் ஊர்ச் செடிகளிலேயே உள்ளன. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின், நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கும். நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. அதைப் பெறுவோருக்குக் கால்விரல்களும் கைவிரல்களும் மரத்துப்போவது, மிக நீண்ட ஆக்ஸான்கள் முதலில் பாதிக்கப்படுவதால்தான்.

எலக்ட்ரான் படத்தைப் படித்தல்

ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக்காட்ட இயலாது. சினாப்ஸின் இடைவெளியோ ஏறத்தாழ 20 நானோமீட்டர். எனவே சினாப்ஸைக் காண 1950களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரான் படம் ஒன்றைப் பார்த்தவுடன் மூலையிலுள்ள அளவுகோலைப் படிக்க வேண்டும். அதைப் படிக்காமல் பெயர் சொல்லத் தொடங்குபவர் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவை உட்கரு என்பார். அடுத்து, 40 முதல் 50 நானோமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டங்கள் கூட்டமாக இருக்கும் அறையைத் தேட வேண்டும். அது ஆக்ஸான் முனை. அவ்வட்டங்கள் நரம்புணர்வுக் கடத்திகளைத் தாங்கிய குமிழ்கள். அருகில் ஒன்றிரண்டு மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கும். குமிழ்கள் எந்தச் சவ்வை நெருங்கி நிற்கின்றனவோ அதற்கு எதிர்ப்புறம் கருமையான பட்டை தெரிந்தால் அதுவே சினாப்ஸ். அந்தப் பட்டை தடித்திருந்தால் பெரும்பாலும் தூண்டும் சினாப்ஸ், இருபுறமும் மெலிதாக ஒத்திருந்தால் பெரும்பாலும் தடுக்கும் சினாப்ஸ் எனக் கொள்ளலாம். எட்வர்ட் கிரே 1959இல் வகுத்த பிரிவிலிருந்து வளர்ந்தது இந்த வழக்கம்.

எதிர்ப்புற அறையில் நுண்குழல்களும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லாமல், சிறிதாகவும் உருண்டையாகவும் இருந்தால் அது டெண்டிரைட்டின் நுண்முகை. நுண்குழல்களோடு ரைபோசோம்களும் தென்பட்டால் டெண்டிரைட்டின் தண்டு. நுண்குழல்களும், நியூரோஃபிலமென்ட் எனப்படும் மெல்லிய புரத இழைகளும் மட்டும் இருந்து, சுற்றிலும் மயலின் அடுக்குகள் இருந்தால் ஆக்ஸான். மயலின் இல்லாத மெல்லிய கிளைகளை ஒரே ஒரு வெட்டில் பார்த்து இன்னதென்று உறுதியாகச் சொல்ல நிபுணர்களும் தயங்குவர். அடுத்தடுத்த வெட்டுகளைத் தொடர்ந்து பார்ப்பதே அவர்களின் வழி. அப்படி வெட்டப்பட்ட மனித மூளைப் புறணியின் ஒரு கன மில்லிமீட்டர் துண்டு, ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து 2024இல் கட்டுரையாக வெளியிட்ட தொகுப்பில், சுமார் 57,000 செல்களோடும் 15 கோடி சினாப்ஸ்களோடும் இணைய உலாவியிலேயே பார்க்கக் கிடைக்கிறது. செல் உடலங்களின் நிலையைப் பார்க்க, சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட தரணி தொகுப்பு உதவும். 5,132 மூளை வெட்டுகள் அதில் உள்ளன. அவை கருவின் மூளைகள் என்பதால், அங்குள்ள செல்களில் பல இன்னும் தம் இடத்துக்கு நகர்ந்துகொண்டிருப்பவை. முதிர்ந்த செல்லின் வடிவத்தை அவற்றில் எதிர்பார்க்கக் கூடாது.

வரைந்து குறித்தல்

பூச்சைப் பார்த்து வரைவதானால் பூச்சில் தெரிந்ததை மட்டும் வரைய வேண்டும். மயலினையும் கணுக்களையும் நினைவிலிருந்து சேர்ப்பது, தேர்வுக்கு மதிப்பெண் தரலாம். ஆய்வகப் பதிவேட்டில் அது பொய்ப் பதிவு. முழு நரம்பு செல்லை விளக்கப்படமாக வரைவதானால் விகிதம் இடிக்கும்: 50 மைக்ரோமீட்டர் உடலத்தைத் தாளில் ஐந்து சென்டிமீட்டராக வரைந்தால், அதே விகிதத்தில் ஒரு மீட்டர் ஆக்ஸானை வரைய ஒரு கிலோமீட்டர் நீளத் தாள் வேண்டும். அதனால் ஆக்ஸானின் நடுவே இரண்டு சாய்ந்த கோடுகளிட்டு, இடையில் பெரும்பகுதி விடப்பட்டிருப்பதைக் காட்ட வேண்டும். ஆக்ஸான் மேட்டுக்குள் நிசில் துகள்களை வரையக் கூடாது. டெண்டிரைட்டின் அடியில் வரையாமல் விடவும் கூடாது. பெயர்க்குறிக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் ஒரே பக்கமாக நீள்வது நல்லது. படத்தின் கீழே விலங்கு, திசு எடுத்த இடம், சாயம், பொருளருகு வில்லையின் உருப்பெருக்கம் ஆகிய நான்கையும் எழுதி, பக்கத்தில் ஓர் அளவுகோல் கோட்டையும் இட வேண்டும்.